பாகம் பிரிக்காத கணக்கு

பாஞ்சாலிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவாள், பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுவாள், அப்புறம்தான் வாயைத் திறப்பாள்.

"ஒண்ணுங்க. பையன். ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்கறான்."

காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊர் அங்கன்வாடியில் வருஷக்கணக்காக ஊர்ப் பிள்ளைகளைத் தலையெண்ணி, எடை போட்டு, சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுக்கிற பொம்பளை அவள். எண்ணத் தெரியாமல் இல்லை. பெற்றது இரண்டு. மூத்தவள் மணிமேகலை, வீட்டில் மேகலை. இளையவன் கதிரவன். மேகலையை எண்ணிக்கையிலிருந்து எடுத்தது வீடு; பாஞ்சாலியை யாரும் கேட்கவில்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், தருமபுரியில் தன்னோடு படித்த அறிவழகனைக் கட்டிக்கொண்டு மேகலை போய்விட்டாள். வேறு சாதி. அதற்குமேல் அந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பாஞ்சாலியின் புருஷன் குப்புராஜ் அன்றைக்கே கிணற்றடியில் தலைமுழுகினார். அந்த வாரத்துக்குள் தாலுகா ஆபீசுக்குப் போய் ரேஷன் கார்டிலிருந்து மகள் பெயரையும் எடுத்துவிட்டு வந்தார். அவர் அதிகம் பேசுகிற மனுஷர் அல்ல. செய்ததைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டார்.

அவருடைய தம்பி மாதவராஜ் பேசுவான். சத்தம் போட மாட்டான், கெட்ட வார்த்தை வராது, அண்ணியிடம் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டான். ஒரே வளாகத்தில் அடுத்த வீடு. காலையில் காப்பி குடிக்க வரும்போது டம்ளரை ஊதிக்கொண்டே கேட்பான்.

"புள்ளயப் பத்தி சேதி ஏதாச்சும் உண்டுங்களா அண்ணி?"

"தெரியாது தம்பி."

"எங்கியாச்சும் நல்லா இருக்கட்டுங்க. ஒரு நாளைக்கு நம்ம கண்ணுல படாமயா போயிடும்."

இதைக் கேட்கும்போதெல்லாம் பாஞ்சாலி அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிடுவாள். அவன் முதல் வருஷம் முழுக்க வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதும், எதற்குப் போனான் என்பதும் அவளுக்குத் தெரியும். கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதை அவனே ஒரு தடவை, சிரித்த முகத்தோடு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னான். அதை இங்கே எழுத வேண்டாம்.

ஆனாலும் அவன் வீட்டு ஆள். அண்ணன் தம்பி இருவருக்கும் நிலம் ஒரே பட்டா, கிணறு ஒன்று, டிராக்டர் ஒன்று. "நாங்க பாகம் பிரிக்காத குடும்பங்க" என்று குப்புராஜ் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மிடுக்கு வரும். சுற்றுவட்டாரத்தில் எல்லா வீடும் வரப்புக்கு வரப்பு அடித்துக்கொண்டு பிரிந்துவிட்ட காலத்தில் இது பெருமைதான். அந்தப் பெருமைதான் வினையாக வந்து முடிந்தது.

*

போன கொஞ்ச நாளிலேயே மேகலை ஒருநாள் மத்தியானம், அங்கன்வாடியில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் போன் செய்தாள். "அம்மா" என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிட்டார்கள். அப்புறம் எப்போதாவது பேச ஆரம்பித்தார்கள். பொம்மிடியில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. அறிவழகன் சேலத்தில் ஒரு லேபில் வேலை. ஞாயிறுகூட விடாமல் தினமும் ரயிலில் போய்வருகிறான். அந்த எண்ணைப் பாஞ்சாலி தன் போனில் 'சத்துமாவு' என்று பதிந்து வைத்தாள். அங்கன்வாடிக்காரி போனில் சத்துமாவு என்று ஒரு பெயர் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

தை மாதம் தருமபுரியில் ஒரு பயிற்சி. பாஞ்சாலி கையெழுத்தைப் போட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு, பொம்மிடி பஸ்ஸில் ஏறினாள். போய்ப் பேத்தியைப் பார்த்தாள். தவழும் வயசு. மேகலை அந்த வயசில் எப்படி இருந்தாளோ அப்படியே: அதே அகல நெற்றி, அதே விரிந்த காது, அழப்போகும்போது கீழுதட்டைப் பிதுக்குகிற அதே அழிச்சாட்டியம். மடியில் உட்கார வைத்து, மேகலையிடம் தன் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். பாஞ்சாலியின் முகம் வேண்டாம், மடியும் குழந்தையும் மட்டும் போதும் என்றாள். அந்த அளவுக்குக் கவனமாகத்தான் இருந்தாள்.

"அழிச்சிடும்மா. பாத்துட்டு அழிச்சிடு" என்றாள் மேகலை.

அழைப்புகளை எல்லாம் அழித்தாள். அந்தப் படத்தை அழிக்க விரல் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் படமும் அவள் போனில் கிடந்தது: எடைத் தராசில் தொங்குகிறவை, சோறு உண்கிறவை, மூக்கொழுக நிற்கிறவை. அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒரு பிள்ளை. எந்த மனுஷன் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தாள். மனுஷனைப் பற்றி அவள் நினைத்தது சரிதான்.

*

கதிரவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்க வேண்டும். அந்தக் கம்பெனியின் முத்திரை ஒரு வளையம். ஊரில் அதை 'வளைய கம்பெனி' என்றே சொன்னார்கள். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்ததும் வளைய போன் வாங்கினான். அடுத்த தீபாவளிக்கு வளைய டிவி வந்து கூடத்தில் ஏறியது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தருமபுரியில் படுக்க வைத்து எழுப்பிய பிறகு, அவர் கையில் வளைய வாட்ச் கட்டினான், நாடி பார்க்குமாம். கிணற்று மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போன பிறகு வாசலில் கேமராவும் கதவில் ஒரு பூட்டும் வந்தன. அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது. வீட்டு ஆளின் போன் பக்கத்தில் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும். "வருக குப்புராஜ்" என்று வேறு சொல்லும். முதல் வாரம் குப்புராஜ் சும்மாவே வெளியே போய்ப் போய் வந்தார்.

"எல்லாம் ஒரே கம்பெனியா இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்மா" என்பான் கதிரவன்.

"ஒண்ணோட ஒண்ணு என்னாடா பேசிக்கும்?"

"நம்மளப் பத்தித்தான்" என்று சிரித்தான்.

பழைய ஆல்பங்களையும் ஒரு விடுமுறையில் படம்பிடித்து டிவியில் ஏற்றினான். யார் யார் என்று அது கேட்டதற்கு ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கொடுத்தான். மேகலையின் படம் வந்தபோது அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். குப்புராஜ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "போட்டோவுல இருக்கறவ என்னா பண்ணப்போறா. போடு" என்றார். பாஞ்சாலிக்கு அன்று அவரைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

மாதவராஜும் வளைய போனுக்கு மாறினான். பாக்கி இருந்தது பாஞ்சாலியின் போன் ஒன்றுதான். வேறு கம்பெனி, மலிவுப் போன், கண்ணாடி கீறல் விட்டது. வீட்டுக்குள் அவளுக்கென்று தனியாக இருந்த ஒரே சாமான் அது.

சித்திரையில் அந்தக் கண்ணாடி முழுசாக நொறுங்கியது. கதிரவன் லீவு போட்டு வந்து, அப்பா, சித்தப்பா, அம்மா மூவரையும் தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். காரில் போகும்போதே பாஞ்சாலி சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய போனு? இதே கம்பெனில இன்னொண்ணு வாங்கிக் குடுத்துடு."

"அதெல்லாம் நம்ம டிவியோட சேராதும்மா."

"சேராட்டி போவட்டும். நான் என்னா டிவி பாக்கறனா?"

முன் சீட்டில் இருந்த மாதவராஜ் திரும்பினான். முகத்தில் கேலிதான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"அண்ணிக்கு மட்டும் எதுக்குங்க தனிக் கம்பெனி?"

பாஞ்சாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தின வாரம்தான் மேகலை போனில் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்: "அவங்க வாங்கறத வாங்காதம்மா. வாங்கினாலும் ஒனக்குன்னு தனிக் கணக்கு வெச்சுக்க. அவங்களோட சேராத." வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி ஒரு தடவை மாதவராஜின் மனசுக்குள் போய்விட்டால் வெளியே வராது. சரி என்றால் எதுவும் நடக்காமலும் போகலாம். கார் தருமபுரி போய்ச் சேருகிறவரை இதையே மாற்றி மாற்றி யோசித்தாள். கடையில் படி ஏறும்போது, "சரி, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள்.

அங்கே இன்னொரு வாய்ப்பும் வந்தது. கடையில் இருந்த பெண், படித்த நல்ல பெண், விவரமாகச் சொன்னாள்.

"அங்கிள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக்கறதுதான் நல்லதுங்க. ஒரே கணக்குல போட்டா போட்டோ, போன் நம்பர், கூப்பிடறது எல்லாம் எல்லார்கிட்டயும் வரும்."

"வரட்டுமேம்மா" என்றார் குப்புராஜ். "ரேஷன் கார்டு ஆளுக்கு ஒண்ணா வெச்சிருக்கறம்? ஒரு வூட்டுக்கு ஒரு கார்டு. அதுமாதிரி போடு, எம்பேர்ல."

"நாங்க பாகம் பிரிக்காத குடும்பங்க" என்று மாதவராஜ் எடுத்துக் கொடுத்தான்.

"அப்ப ஆன்ட்டிக்கு மட்டுமாவது..." என்று அந்தப் பெண் பாஞ்சாலியைப் பார்த்தாள். பாஞ்சாலி அவள் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஹெட்போன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை, "ஆமாங்க, எனக்குத் தனியா போடுங்க" என்ற ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் போதும்.

பழைய போனில் இருந்தது பூராவும் ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்குள் புதுப் போனுக்கு ஏறிவிட்டது. குப்புராஜ் என்ற பெயரில் ஒரே கணக்கு. அதற்குள் ஐந்து பேர் வாழ்க்கை. ஐந்தாவது ஆள் அதற்குள் இருப்பது பாஞ்சாலிக்கு மட்டும்தான் தெரியும்.

*

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. மறுநாளே மாதவராஜ் வாசலில் நின்று கூப்பிட்டான்.

"அண்ணி, என் போன் பூராவும் ஊர்ப் புள்ளைங்க மூக்கொழுவிகிட்டு நிக்குதுங்க! அங்கன்வாடிய என் பாக்கெட்லயே வெச்சுட்டீங்களே!"

குப்புராஜ்கூடச் சிரித்தார். பாஞ்சாலியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே சூப்பர்வைசர் மேடம் அவளைக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் பாஞ்சாலியின் போன், டிவி, குப்புராஜின் வாட்ச், காட்டில் இருந்த மாதவராஜின் போன், ஓசூரில் கதிரவனின் போன் என எல்லாம் ஒன்றாக அடித்தன. முதலில் எடுத்தவன் மாதவராஜ். தக்காளிக்கு மருந்து அடித்துக்கொண்டே அங்கன்வாடி முட்டைக் கணக்குக்குப் பதில் சொன்னானாம். இதையும் ஊரே சொல்லிச் சிரித்தது. பாஞ்சாலி அன்று மாலையே பக்கத்து வீட்டு தீர்த்தம்மாளின் பட்டன் போனை வாங்கி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று மேகலையிடம் சொன்னாள்: "நீயா கூப்புடாத. நான் கூப்புட்டா மட்டும் கூப்புடு. நான் கூப்புட்டா ஏதோ ஆபத்துன்னு வெச்சுக்க."

பேத்தி படத்தை இனியாவது அழிக்கலாம் என்று ஒருநாள் துணிந்து தொட்டாள். அழித்தால் எல்லாக் கருவியிலிருந்தும் அழிந்துவிடும், சரியா என்று போன் கேட்டது. எல்லோருக்கும் சேதி போய்விடுமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டாள். போகாது. அவளுக்கு அது தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை.

*

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதவராஜின் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் அவனுக்கும் இங்கேதான் சாப்பாடு. ஆட்டுக்கறி. அண்ணனும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட, பாஞ்சாலி பரிமாறிக்கொண்டிருந்தாள். கிரிக்கெட் முடிந்து டிவி சும்மா இருந்தது. சும்மா விட்டால் அந்த டிவி தானாகப் படம் காட்டும்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'மேகலை: அன்றும் இன்றும்.'

தீர்த்தமலையில் மொட்டை அடித்து, தலையில் சந்தனத்தோடு அழுகிற மேகலை. அடுத்து, பாஞ்சாலியின் இடுப்பில் கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு. அடுத்து, பள்ளிக்கூடச் சீருடையில் இரட்டைச் சடை. கல்லூரி வாசலில். குப்புராஜின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. யாரும் ரிமோட்டை எடுக்கவில்லை. பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதுபோல ஒரு பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அந்தப் படம் வந்தது. ஒரு மடி. மடியில் ஒரு குழந்தை. அகல நெற்றி, விரிந்த காது. பாழாய்ப்போன அந்த டிவிக்கு அம்மா எது மகள் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே முகம் என்று முடிவுகட்டி, ஒரே பெயரின் கீழே வைத்துவிட்டது. அடியில் பொடி எழுத்தில் 'பொம்மிடி, ஜனவரி 2025.'

பாஞ்சாலியின் கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

மாதவராஜ் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கவில்லை. நிதானமாக எலும்பை உறிஞ்சினான். தட்டை வழித்துச் சாப்பிட்டான். அப்புறம் கேட்டான்.

"அந்த மடி யாருதுங்க அண்ணி?"

"அங்கன்வாடில எத்தன புள்ளைங்கள மடியில வெக்கறன் தம்பி..."

"பொம்மிடிலயும் ஒங்களுக்கு அங்கன்வாடி உண்டுங்களா?"

"மாதவா" என்றார் குப்புராஜ். "கையக் கழுவிட்டு வூட்டுக்குப் போ."

"போறன்ணா."

கையைக் கழுவினான். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். தன் போனை எடுத்து அதே படத்தைத் திறந்து, கீழே இருந்த ஊர்ப்பெயரைத் தொட்டான். அவன் முகத்தில் போன் வெளிச்சம் பச்சையாக விழுந்தது, வரைபடம்.

"டேசனுக்குப் பின்னாடிதான்" என்றான், தனக்குத்தானே. பிறகு அவளைப் பார்த்து, "சாப்பாடு நல்லா இருந்துதுங்க அண்ணி. வர்றன்" என்றான்.

மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. பாஞ்சாலி ஓடிப்போய்ப் பார்த்தாள். கொட்டகைச் சுவரில் தென்னைமட்டை வெட்டுகிற கொடுவாள் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

*

திரும்பி வந்தபோது குப்புராஜ் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கையில் இருந்த வாட்ச் விடாமல் கீச்சிட்டது. நாடி எகிறுகிறது, அமைதியாக உட்காருங்கள் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"கொடுவாள எடுத்துகிட்டுப் போயிட்டாருங்க" என்றாள் பாஞ்சாலி. "ஒங்க காலுல விழறன். கூப்புட்டுத் திரும்பி வரச் சொல்லுங்க."

"கேக்க மாட்டான்."

"அப்ப எம்புள்ள சாவட்டுமா? அந்தப் பச்சப்புள்ளயும் சாவட்டுமா?" அந்த வீட்டில் அவள் அப்படிக் கத்தியதே இல்லை.

குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தார். "அவ நம்பரு ஒன்கிட்ட இருக்குதா?"

"இருக்குது."

"அடி."

சத்துமாவு என்ற பெயரைத் தொட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாளோ, தூங்குகிறாளோ. குப்புராஜ் எழுந்து டிவி அருகே போனார். கதிரவன் கற்றுக்கொடுத்தபடி கணக்கில் இருக்கும் கருவிகளின் வரைபடத்தைத் திறந்தார். வீட்டில் இரண்டு போன், ஒரு வாட்ச் என மூன்று புள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக. ஓசூரில் ஒன்று. இன்னொன்று கம்பைநல்லூரைத் தாண்டி மொரப்பூர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் 'மாதவராஜ்' என்று எழுதியிருந்தது.

புள்ளி அவசரமே இல்லாத மாதிரி போனது. பாஞ்சாலி அதையே பார்த்துக்கொண்டு போனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். மொரப்பூர் போயிற்று. ரயில்வே கேட்டில் நின்றது. ஏதாவது ஒரு கூட்ஸ் வண்டி வந்து அங்கேயே நிற்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். மறுபடி நகர்ந்தது. கடத்தூரை நெருங்கும்போதுதான் வீடு முழுக்க மணி அடித்தது.

டிவி அடித்தது. பாஞ்சாலியின் கையில் போன் அடித்தது. குப்புராஜின் மணிக்கட்டில் அடித்தது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து: 'சத்துமாவு அழைக்கிறது.' வரைபடத்தில் அந்தப் புள்ளி டக்கென்று நின்றது.

நின்றுவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் பாக்கெட்டிலும் அடிக்கிறது. வண்டியை ஓரம் கட்டிவிட்டான். எடுக்கப் போகிறான். பாஞ்சாலியின் விரலில் குழம்பும் வியர்வையும்; கண்ணாடி அவள் விரலை ஏற்கவில்லை. வழுக்கியது, வழுக்கியது. குப்புராஜ் தன் மணிக்கட்டை உயர்த்தி, கட்டைவிரலால் வாட்சை ஓங்கி அமுக்கினார்.

"அம்மா?" என்றது அவர் கை. "என்னம்மா ஆச்சு?"

இரண்டரை வருஷமாக அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. மணிக்கட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். 

"மேகல. அப்பன் பேசறன்."

 அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டி விளையாடுகிற ஓசை கேட்டது.

"கொழந்தயத் தூக்கிக்க. வேற ஒண்ணையும் எடுக்காத, கதவக்கூடப் பூட்டாத. ஒஞ் சித்தப்பன் கடத்தூர்கிட்ட வந்துட்டான். டேசனுக்குப் போ. எந்த வண்டி வருதோ அதுல ஏறு. மாப்ள வெளிய இருந்தா வூட்டுக்கு வரவேணாம்னு சொல்லிட்டு இந்தப் போன அணைச்சிடு."

"அப்பா, நாங்க எங்க போ..."

"சொல்லாத!" கூடமே அதிர்ந்தது. "எங்க போறன்னு மட்டும் சொல்லாத. இந்தக் கணக்குல பேசறது பூரா நாலு பேரு காதுக்குப் போவுது. போ தாயி."

வைத்துவிட்டார். மாப்பிள்ளை என்று அவர் சொன்னதைப் பாஞ்சாலி அப்புறம் வெகுநேரம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தாள். அப்போது அவள் கண் திரையில் இருந்தது. புள்ளி இன்னும் நின்றுகொண்டிருந்தது. அழைப்பை யார் எடுத்தார்கள் என்று அவன் போன் அவனுக்குக் காட்டியிருக்கும்: 'குப்புராஜ் வாட்ச்.' கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகப் பொம்மிடியை நோக்கி ஓடியது.

பாஞ்சாலி தீர்த்தம்மாளிடம் ஓடி, அவள் பட்டன் போனில் நூறுக்கு அடித்து, கொழுந்தன் பெயர், வண்டி, கொடுவாள் எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னாள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மேகலை எண்ணுக்கும் அதிலேயே அடித்தாள். அணைக்கப்பட்டிருந்தது. சொன்னபடி அணைத்தாளா, வேறு எதனால் அணைந்தது என்று எப்படித் தெரியும்? அந்த வரைபடத்தில் எல்லோருக்கும் புள்ளி இருந்தது. மேகலைக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாதவராஜின் புள்ளி பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் போய் நின்றிருந்தது. அசையவில்லை. குப்புராஜ் நெஞ்சைத் தடவிக்கொண்டு டிவிக்கு எதிரே நின்றார்.  வாசலில் வெயில் இறங்கி, மாடுகள் தண்ணீருக்குக் கத்த ஆரம்பித்தன. புள்ளி அங்கேயே இருந்தது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தேடி, வெளியே வர அவ்வளவு நேரம் ஆகாது என்று பாஞ்சாலிக்குத் தோன்றியது. தோன்றியதும் அந்த எண்ணத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். மறுபடி மறுபடி அது உள்ளே வந்தது.

கடைசியில் புள்ளி நகர்ந்தது. கடத்தூர். மொரப்பூர். கம்பைநல்லூர். வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"கதவச் சாத்து" என்றார் குப்புராஜ்.

"சாத்தி என்னாங்க பண்றது? அது அவருக்குத் தொறக்குமே."

குப்புராஜ் கதவைப் பார்த்தார். கதிரவன் பூட்டு மாட்டியபோது கழற்றிப் போடுகிறேன் என்று சொல்லி, மறந்துபோய் விட்டிருந்த பழைய இரும்புத் தாழ்ப்பாள் கதவுக்கு மேலே துருவேறிக் கிடந்தது. பாஞ்சாலி முக்காலியைப் போட்டு ஏறி, உள்ளங்கை சிவக்க அதைத் தள்ளினாள். கிறீச்சிட்டுக்கொண்டு போய்க் குழியில் விழுந்தது.

டிவியில் ஊருக்குள் வந்த புள்ளி, வீட்டுப் புள்ளிகளோடு வந்து ஒட்டிக்கொண்டது. வெளியே வண்டி நின்றது. செருப்புச் சத்தம். கதவுப் பூட்டில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்து, அது தானாகத் திறந்துகொண்டது. "வருக மாதவராஜ்" என்றது.

கதவு அசைந்தது. தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது.

மறுபடி தள்ளினான். அப்புறம் ஓங்கி உதைத்தான். இத்தனை வருஷமாகப் போட்டுவந்த 'ங்க' எல்லாம் எங்கோ போய்விட்டது.

"எங்கடி அனுப்பி வெச்சீங்க அவள? வூடு தொறந்து கெடக்குது, அடுப்புல சோறு கொதிக்குது, ஆளக் காணோம்! எங்கடி போனா?"

பாஞ்சாலி முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  தப்பித்துவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டாமல், அப்பன் சொன்னபடியே போய்விட்டாள். குப்புராஜ் வந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் போனது, துடைக்கவில்லை. வாட்ச் இன்னும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லுடி! எங்க இருக்கறா?"

பாஞ்சாலி கதவின் இந்தப் பக்கத்திலிருந்து, எப்போதும் காப்பி டம்ளரை நீட்டும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"தெரியாது தம்பி."

இத்தனை நாளாக அவனிடம் அவள் சொல்லிவந்த அதே பதில்தான். இன்றைக்குத்தான் அது உண்மை.